ஒரே நாளில் சொன்ன சாவுகள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒருவர் செத்துப்போனால், இழவு சொல்லுபவர் வந்து சொன்ன பிறகுதான் அது சாவு. அதுவரைக்கும் உடம்பு சில்லிட்டுக் கிடந்தாலும் பெண்கள் ஒப்பாரிக்கு வாய் திறக்க மாட்டார்கள். அவர் வந்து செத்தவரின் முகத்தைப் பார்ப்பார். மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்படுவார். திகாம் பத்து ஊர்ப் பக்கம் அண்ணன் தம்பி, பாலிங்கில் கட்டிக்கொடுத்த பெண், கூலிமில் மாமன் மச்சான் என்று எத்தனை தூரமானாலும் நடைதான். இழவு சொல்லுவது அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த கடமை. கப்பலேறி வந்தபோது எங்கள் ஆட்கள் எதை மறந்தாலும் யார் எந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில், கணக்கு எழுதும் கிராணியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் ஆளெடுப்பார். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. விடியலில் அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டில் இழவு விழும் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். இத்தனை வயதாகியும் எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆள் நெட்டை. எப்போதும் வாயில் வெற்றிலை. ஆனால் இழவு சொல்லும் வாயில் வெற்றிலை இருக்கக்கூடாது என்பதால் சொல்லப் போகிற வீட்டுக்கு முன்னாலேயே துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிடுவார். எங்கள் லயத்துக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க்குழாய் இருந்தது. அவர் அந்தக் குழாயடியில் நின்று வாய் கொப்பளித்தால் அத்தனை வீட்டுப் பெண்களும் கைவேலையை விட்டுவிட்டு, யார் வாசலுக்குத் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்போம். பாவம், சில நாள் வெறுமனே வாய் கசந்து கொப்பளித்திருப்பார். அதற்கும் திட்டு வாங்குவார்.

முகத்தைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இளவட்டமாக இருந்தபோது, பாலிங் பக்கம் ஒரு தோட்டத்தில் கிழவர் ஒருவர் செத்துவிட்டார் என்று மகன் ஓடிவந்து சொல்ல, இவரும் நல்ல பிள்ளையாய் நடந்துபோய் நாலு தோட்டத்தில் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் மாலையும் கோடித்துணியுமாகக் கூட்டமாய் வந்து சேர்ந்தபோது கிழவர் வாசலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். முதல்நாள் குடித்த சம்சு அப்போதுதான் தெளிந்திருக்கிறது. மகனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவரைத்தான் போட்டு அடித்தார்கள். கிழவரும் எழுந்துவந்து தன் பங்குக்கு ஒன்று வைத்தாராம்.

"செத்தவனே எந்திரிச்சு வந்து அடிச்சது உலகத்துலயே எனக்கு மட்டுந்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் நம்புவதில்லை. சாவை மட்டுமல்ல, அரிசி வருகிறது என்றாலும், கிராணியார் மாறுகிறார் என்றாலும், "யாரு பாத்தது?" என்று ஆரம்பித்துவிடுவார். சப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்தில் வாரத்துக்கு ஒரு வதந்தி. வெள்ளைக்காரன் பினாங்கில் இறங்கிவிட்டான் என்று ஒருமுறை ரப்பர் பால் நிறுக்கும் பால்கொட்டாயில் ஒரே பேச்சு.

"யாரு பாத்தது?"

"எல்லாரும் சொல்றாங்கண்ணே."

"எல்லாரும்னா யாரு? ஒரு ஆளக் காட்டு லா."

காட்டினார்கள். அந்த ஆள் இன்னொருவனைக் காட்டினான். அவன் திகாம் பத்துக் கடையில் கேட்டதாகச் சொன்னான். இவரும் விடாமல் கடைக்குப் போனார். கடைக்காரன், "ஒங்க தோட்டத்து ஆளுதான் வந்து சொன்னான்" என்று முதலில் சொன்னவனையே கைகாட்டினான். வெள்ளைக்காரன் இறங்கவில்லை என்பதைவிட, இவர் அதற்காக அவ்வளவு தூரம் நடந்துபோய் வந்தார் என்பதுதான் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆசையாய் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நாலு நாள் சந்தோஷமாக இருக்க விடாத மனுஷன் என்று எனக்கு அவர்மேல் எரிச்சல்.

சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம்தான், நல்ல சம்பளம், சோறு துணி எல்லாம் கொடுப்பார்கள் என்று கங்காணி பெரட்டில் வந்து சொன்னபோது, கூட்டத்தில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது.

"போனவங்க யாராச்சும் திரும்பி வந்து சொன்னாங்களா கங்காணி?"

"நீ எழவு சொல்றவன். எழவ மட்டும் சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் பெயர் கொடுக்கவில்லை. கொடுக்காததால்தான் வேறு வழி பிடித்தார்கள். சில நாள் கழித்து அரிசி கொடுக்கிறார்கள், ஆம்பளைகள் எல்லோரும் பையோடு பெரட்டுக்கு வாருங்கள் என்று அதே கங்காணி லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். அரிசிச் சோறு கண்ணில் பட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நான் கல்யாணமாகி வந்து ஒரு தீபாவளிதான் கண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கோணிப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார். பெரட்டுக் களத்தில் மூன்று பக்கமும் சிப்பாய்கள் நின்றார்கள். நாலாவது பக்கம் லோரி.

அன்று அவர் ஊரில் இல்லை. வேறொரு தோட்டத்துக்கு இழவு சொல்லப் போயிருந்தார். அதனால் அவர் தப்பினார். மீசை முளைக்க ஆரம்பித்திருந்த அவருடைய ஒரே மகன் தப்பவில்லை.

மறுநாள் திரும்பி வந்தவர் அழவில்லை. வீடு வீடாக வந்து விசாரித்தார். எந்த லோரி, யார் பக்கத்தில் யார் நின்றது, யார் பெயர் கூப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அண்ணே, நாந்தான் பாத்தேன். ஒங்க மகன ஏத்துனத என் கண்ணால பாத்தேன்."

"ஏறும்போது என்னா சொன்னான், தங்கச்சி?"

"தெரியாது. ஒரே கூச்சல். தூக்கி உள்ள போட்டாங்க. மொகங்கூட சரியாத் தெரியல."

அவர் அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும், அவன் "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் நம்பவில்லை. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதைத்தான் நம்பினார். பின்னாளில் ஒருமுறை, "பாத்தவங்களுக்குப் பாதிதான் தெரியும் தங்கச்சி, முழுசா சொல்றவன் பாத்திருக்க மாட்டான்" என்றார்.

அப்புறம் மரவள்ளிக்கிழங்குதான். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. துணிக்குப் பதில் கோணி. சயாமிலிருந்து ஒரு சேதியும் இல்லை. பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாத பெண்கள் எங்கள் லயத்தில் மட்டும் ஒரு கூட்டம் இருந்தோம். காய்ச்சலில் ஒருத்தி போய்ச் சேர்ந்தபோது அவளைச் சுமங்கலியாகப் புதைப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். அவரைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றார். பூ வைத்தே புதைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆள் வந்தான். சயாமிலிருந்து தப்பி, காட்டு வழியாக எல்லையைத் தாண்டி பாலிங்குக்கு வந்து, அங்கிருந்து தோட்டம் தோட்டமாக இறங்கிக்கொண்டிருந்தான். காலில் புண், எலும்பு தெரிந்தது. சயாமுக்குப் போனவன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் ஆட்களின் அடையாளத்தைச் சொன்னால் அவன் கண்ணை மூடி யோசிப்பான். பிறகு, "ஆமா, அவருதான். என் மடியிலதான் தலைய வச்சிருந்தாரு. தண்ணி கேட்டாரு. ஒங்க பேரச் சொன்னாரு" என்பான். கேட்டவள் விழுந்து புரண்டு அழுவாள். வீட்டில் இருக்கிற கிழங்கில் பாதி அவனுக்குப் போகும். என்னிடமும் அப்படித்தான் சொன்னான். என் பேரைச் சொன்னாராம். நான் அழுதேன். அழுததில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைப்பானேன்?

மூன்றாவது வீட்டில் அவன் உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து, "கொஞ்சம் இப்படி வாய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

"ஒனக்கு எத்தன மடி இருக்கு?" என்றார்.

அவன் புண்பட்ட காலை நீட்டி மரத்தடியில் உட்கார்ந்தான்.

"செத்தவனெல்லாம் ஒன் மடியிலதான் சாகணுமா? எல்லாரும் தண்ணியா கேட்டான்? எல்லாரும் பொண்டாட்டி பேரா சொன்னான்? பசிக்குதுன்னா சோறு கேளு, போடுறோம். சாவ வித்துத் திங்காத."

அந்த ஆள் அழவோ கோபப்படவோ இல்லை. காலில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"மடியில யாரும் சாகலண்ணே. வாந்தி பேதி. கிட்ட யாரு போவா? மூங்கிலால தள்ளித் தள்ளி ஒரு குழியில போட்டு எரிச்சோம். அடிச்சுத்தான் போடச் சொல்வான். உள்ள போடும்போது செல பேரு கையை ஆட்டுனாங்க. இவங்க சொல்ற ஆளுங்கள நான் பாத்தனா பாக்கலையா எனக்கே தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருந்தாங்க. இத அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லட்டுமா? நீங்க சொல்லுங்க, சொல்றேன்."

அவர் குனிந்து அவனைக் கைகொடுத்து எழுப்பினார். பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அவனுக்குச் சாப்பாடு போட்டார். மறுநாள் அவன் போய்விட்டான். லயத்தில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அவன் ஒங்க ஆளுங்கள பாக்கல. அழுவாதீங்க."

அதற்காக அவரைப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அழவும் விடமாட்டேன் என்கிறானே பாவி என்று சபித்தார்கள். அவர் யாரிடமும் அந்தக் குழியைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிரவிலிருந்து எனக்குக் கிழங்கும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. சில நாள் கழித்து அவரையே போய்க் கேட்டேன்.

"எப்படிச் செத்தா என்னாண்ணே? போனவங்க போனவங்கதானே? தெரிஞ்சு என்னா ஆவப்போவுது?"

"எப்படிச் செத்தான்னு தெரிஞ்சாத்தான் எவன் சாவடிச்சான்னு தெரியும் தங்கச்சி. இல்லன்னா எல்லாம் சீக்குல செத்தான்னு எழுதிட்டுப் போயிடுவான். நம்ம பிள்ளைங்களும் அதையேதான் சொல்லும்."



சப்பான்காரன் தோற்றுப் போனான். சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. அவர் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டு, எந்தத் தோட்டத்துக்கு யார் திரும்பி வந்தார்கள் என்று கேள்விப்பட்டாலும் நடந்தே போனார். வந்தவர்களிடம் எந்த முகாம், எந்த ஆற்றங்கரை, கூட இருந்தவர்கள் எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். ஆட்களை இங்கும் அங்கும் கலைத்துப் போட்டிருந்தார்கள். எவனுக்கும் எவன் பெயரும் தெரியவில்லை. செத்தவர்களைப் பற்றி அவர்கள் சொன்னது நிறைய. அதில் எங்கள் ஆள் ஒருவன் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது ஒன்றுமில்லை. போகும்போது நிமிர்ந்து போவார், வரும்போது கூன் விழுந்து வருவார்.

அந்த நேரத்தில் என் அண்ணன் எனக்கு ஒரு இடம் பார்த்திருந்தான். கூலிமில் மரக்கடையில் வேலை செய்பவர், மனைவி தவறிப்போய் இரண்டு சின்னப் பிள்ளைகள். நல்ல மனுஷர். அவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். தாலியோடு இருக்கிறவளை எப்படிக் கட்டுவது? இழவு சொல்லுபவர் வாயால் ஒரு சொல் வரட்டும், மறுநாளே கட்டிக்கொள்கிறோம். அந்த வட்டாரத்தில் வேறு யார் சொன்னாலும் செல்லாது. இவர் முகம் பார்த்தே சொல்பவர் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

நான் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்த. நான் பொழைச்சுப் போறேன்."

"எனக்குத் தெரியாதத எப்படிச் சொல்ல?"

"நீங்க சொல்லலன்னா நான் இந்த லயத்துலயே காஞ்சு சாவேன். என் மொகத்த வந்து பாத்து அதையாச்சும் உண்மையா சொல்லுங்க."

சொன்னது கொடுமைதான். ஆனால் எனக்கு அப்போது இருபது வயது முடிந்திருக்கவில்லை, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் மனைவி உள்ளே அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மகனுக்காக ஒரு தட்டில் கிழங்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் தினமும் சாப்பிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார்.

மறுவருஷம் ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம் குழாயடியில் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தேன். துண்டு இடுப்பில் இருந்தது. நேராக என் வாசலுக்கு எதிரே வந்து, எப்போதும் நிற்கிற தூரத்தில் நின்றார்.

"ஒன் வீட்டுக்காரரு தவறிட்டாரு, தங்கச்சி."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் அழுதேன். அது போதுமாயிருந்தது.

ஒருத்திக்குச் சொன்னால் மற்றவர்கள் விடுவார்களா? அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து, "எனக்கும் சொல்லுண்ணே" என்றாள். அவளுக்கும் சொன்னார். அதற்குள் பின் லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்றுகொள்ள, அவர் வாசல் வாசலாகப் போய் நின்று, ஒவ்வொருத்திக்கும் முறையாக, ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார். அழிக்காத பொட்டு ஒன்று மிச்சமில்லை. அப்படி ஒரு ஒப்பாரியை அந்தத் தோட்டம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கங்காணி வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

கடைசியாக அவர் தன் வீட்டுக்குப் போனார். உள்ளே போகவில்லை. மற்ற வீடுகளுக்கு எவ்வளவு தூரத்தில் நின்றாரோ அதே தூரத்தில் நின்றார்.

"ஒன் மகன் தவறிட்டான் தாயி" என்றார். கட்டின மனைவியைத் தாயி என்று அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவராயிற்றே.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவ்வளவுதான். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அந்தத் தட்டை எடுத்துக் கழுவிவிட்டார். அவர் துண்டை அவிழ்த்து வேலியில் போட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சாவுக்கும் போகவில்லை. யாராவது வந்து கூப்பிட்டால், "என் பேச்ச இனி நம்பாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

சயாமுக்குப் போன எங்கள் ஆட்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. ஆகவே அவர் சொன்னது உண்மைதானே என்று என் அண்ணன் ஒருமுறை அவரிடமே கேட்டான். "பலிச்சுப்போச்சு, அது வேற" என்றார். சீக்கிரமே செத்தும் போனார். அவருடைய இழவை யார் யாரோ போய் எங்கெங்கோ சொன்னார்கள்.

நான் கூலிமுக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் பெற்றேன், வளர்த்தேன், குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கதவு தட்டப்பட்டால் நான் போய்த் திறக்கமாட்டேன். பிள்ளைகளைத்தான் அனுப்புவேன். ஏன் என்று என் கணவர் ஒருநாளும் கேட்டதில்லை, அவருக்குத் தெரியும்.

செத்த நாள் தெரியாததால், இழவு சொல்லுபவர் வந்து சொன்ன நாளையே எல்லோரும் திதியாக வைத்துக்கொண்டோம். அதனால் அந்தத் தோட்டத்தில் சயாமுக்குப் போனவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் திதி. தோட்டத்துக் கோயிலில் எல்லோரும் சேர்ந்து படைப்போம். எங்கள் காலத்தில் அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரே நாளில் திதி என்றால் ஒரே நாளில் செத்திருக்கவேண்டும். அத்தனை பேர் ஒரே நாளில் சாகவேண்டுமென்றால் ஏதாவது பெரிதாக நடந்திருக்கவேண்டும். எப்படியோ ஒரு பாலம் வந்தது. பாலத்தில் எங்கள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்களாம். வெள்ளைக்காரனின் விமானம் குண்டு போட்டதாம். ஆவணி மாதம் மத்தியானமாம்.

இப்போது கோயில் தலைவராக இருப்பது அந்தக் கங்காணியின் பேரன். நல்ல பையன், காலில் விழுந்து கும்பிடுவான். வருஷா வருஷம் மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாலத்தின் கதையைச் சொல்லுவான். அதில் அரிசியும் இல்லை, பெரட்டும் இல்லை, லோரியும் இல்லை. போன வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. படையல் முடிந்ததும் அவனிடம் போனேன்.

"தம்பி, பாலமும் இல்ல, குண்டும் இல்ல. அது எழவு சொன்ன நாளுப்பா. செத்த நாள் இல்ல."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிரியமாகத்தான் கேட்டான்.

"பாட்டி, நீங்க சயாமுக்குப் போனீங்களா?"

போகவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காத ஒருவர் சொன்னது பொய் என்று பார்க்காத நான் சொல்கிறேன். எனக்கே கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. என் பேத்தி, "பாட்டிக்கு மறதி அங்கிள்" என்று சொல்லி என்னைக் காரில் ஏற்றினாள்.

நான் போய்விட்டால் அந்தப் பாலம் மட்டும்தான் இருக்கும். அதை நினைத்து முதலில் கோபம் வந்தது. இப்போது அதுவும் இல்லை. என் முதல் வீட்டுக்காரரின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், மூக்கும் கண்ணும் சேர்ந்து வரமாட்டேன் என்கிறது. ஆனால் கண்ணை மூடினால் ஒரு பாலம் தெரிகிறது. ஆறு தெரிகிறது. நடுவில் என் வீட்டுக்காரர் நின்று அண்ணாந்து பார்க்கிறார். வானத்தில் சத்தம் கேட்கிறது. ஒன்று விடாமல், முழுசாகத் தெரிகிறது.